எங்கள் சென்டரைக் கைமாற்றிய கதை

அரபு நாட்டில் சோனாப்பூர் என்ற இடத்தில், ஒரு கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் நான் டைம் கீப்பராக இருந்தேன். நானூறு பேரில் இன்று யார் பஸ் ஏறினான், யார் ரூமில் படுத்திருக்கிறான், படுத்திருப்பவனுக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லையா என்று எழுதி வைப்பது என் உத்தியோகம். மூன்றாவது கேள்விக்குப் பதில் எனக்கு ஒருநாளும் சரியாகத் தெரிந்ததில்லை. தெரிந்த மாதிரி எழுதுவேன்.

கட்டடங்களுக்கு ஏசி குழாய் மாட்டுகிற கம்பெனி அது. முதலாளி அரபி. அவருக்கு ஒரு தம்பி, தம்பிக்குத் தனியாக ஒரு கட்டுமானக் கம்பெனி. அதன் கேம்ப் எங்களிடமிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு கிடையாது, மனஸ்தாபம் கிடையாது. பாஸ்கெட்பால் ஒன்றுதான் இருந்தது. குளிர்காலத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் எட்டு கேம்ப் அணிகள் ஆடும். இவர்கள் இருவரும் எதிரெதிர் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பாமல் பார்ப்பார்கள்.

மைதானம் எங்கள் கேம்ப்பின் பின்னால் இருந்தது. பிலிப்பினோ ஃபோர்மேன்கள் ஒரு வளையம் கட்டிக் கொள்ள அனுமதி கேட்டார்கள். எங்கள் அட்மின் மேனேஜர் சென்னைக்காரர். கல்லூரி அணியில் மாற்று ஆட்டக்காரராக மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அவர் அந்த விண்ணப்பத்தில் 'தொழிலாளர் நலன்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார். சிமென்ட் தளமே வந்துவிட்டது. கம்பெனி காலண்டரில் அந்த மைதானத்தின் படம் போட்டார்கள். கக்கூஸ் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கேட்டு நான் எழுதிய விண்ணப்பத்தில் அந்த வார்த்தையைச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் அணியின் சென்டர் எனக்கு அறிமுகமானதே ஒரு காயத்தோடுதான். வந்த அன்று பாஸ்போர்ட்டைக் கொடுக்க என் ஆபீசுக்குள் நுழைந்தவன் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டான். ஆறடி நாலு அங்குலம். பெரியகுளத்துப் பக்கம். நெற்றியைத் தடவிக்கொண்டே, "தப்பா நினைக்காதீங்கண்ணே, பழக்கந்தான்" என்றான். வாசலைப் பார்த்து மன்னிப்புக் கேட்டானா, என்னைப் பார்த்தா என்று சொல்ல முடியவில்லை.

ஊரில் கோடைகாலத்தில் மின்விளக்கு போட்டு நடக்கிற போட்டிகளில் ஆடி வளர்ந்தவன். மாவட்ட அணி வரைக்கும் போயிருக்கிறான். விளையாட்டுக்காரர்களுக்கான இடத்தில் போலீஸ் வேலை கிடைக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தபோது, தேர்வுக்கு முந்தின வாரம் இடது முழங்கால் திரும்பிவிட்டது. அதோடு அந்தக் கதவு சாத்திக்கொண்டது. இங்கே ஹெல்பர் விசாவில் வந்தான். ஹெல்பர் என்றால் தூக்கச் சொல்வதைத் தூக்க வேண்டும். ஆனால் அவன் உயரத்தைப் பார்த்ததும் சைட்டில் ஃபோர்மேன்களுக்குள் போட்டி வந்துவிட்டது. "அவனை அனுப்பு, ஏணி வேண்டாம்" என்று ஆள் அனுப்புவார்கள். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக் குழாயைத் தாங்கிக்கொண்டு நிற்பான்.

அவன் பந்து ஆடுவான் என்பதைக் கண்டுபிடித்தவர் எங்கள் கோச். பிலிப்பினோ, டிராயிங் ஆபீசில் வேலை, குரல் உயர்த்தாத மனிதர். மைதானத்துக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவன் பக்கம் பந்து உருண்டு போனது. அவன் ஒரு கையில் ஈரச் சட்டையை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் பந்தை வளையத்துக்குள் போட்டான். கோச் நேராக என்னிடம் வந்து, "இந்த ஆள் யாருடையவன்?" என்று கேட்டார். "நம் ஆள்தான்" என்றேன். அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பாஸ்கெட்பால் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்டர் என்பவன் வளையத்துக்கு அடியில் நிற்பவன். உள்ளே வருகிறவர்களெல்லாம் அவன் மேல் மோதிவிட்டுத்தான் போவார்கள். தவறிய பந்தெல்லாம் அவன் தலைக்கு மேல்தான் வரும். எல்லா முழங்கையும் அவன் விலாவைத் தேடி வரும். அப்படி ஒருவன் கிடைத்த முதல் வருடமே நாங்கள் கோப்பையை வாங்கினோம். இறுதி ஆட்டத்தில் தோற்றது தம்பியின் கம்பெனி. அன்று எங்கள் முதலாளி மைதானத்துக்குள் இறங்கி வந்து அவன் தோளைத் தட்ட முயன்றார். எட்டியது முழங்கைதான். அதைத் தட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் காயங்கள் தொடங்கின. கணுக்கால், விரல், இடுப்பு, மறுபடியும் அந்த இடது முழங்கால். இரண்டாம் வருடம் பாதி ஆட்டங்களுக்கு அவன் இல்லை. எல்லோரும் அவனைக் 'கண்ணாடி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தொட்டால் உடைவானாம்.

எனக்கு மட்டும் தெரிந்த சில விஷயங்கள் இருந்தன. அவன் கணுக்கால் பிசகியது மைதானத்தில் அல்ல, சைட்டில், மூடாமல் விட்ட ஒரு பள்ளத்தில். விரல் நசுங்கியது குழாய் இறக்கும்போது. ஆனால் எங்கள் சைட் வாசலில் ஒரு பலகை இருந்தது, 'விபத்தில்லாமல் இத்தனை நாள்' என்று தினமும் எண் மாற்றுகிற பலகை. அந்த எண் பெரிதாக ஆக ஆக எங்கள் சேஃப்டி ஆபீசரின் மீசையும் நிமிர்ந்துகொண்டே போகும். கணுக்கால் பிசகிய அன்று அவர் என் ரூமுக்கே வந்துவிட்டார்.

"பையன் வெள்ளிக்கிழமை ஆடினானில்லையா?" என்றார்.

"ஆடினான் சார். ஆனா இது திங்கட்கிழமை நடந்தது."

"வெள்ளிக்கிழமை பிசகினது திங்கட்கிழமை தெரிய வந்திருக்கும். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். விரலுக்கும் அப்படியே. பலகையில் எண் ஏறியது. அவன் பேர் கண்ணாடி என்று நிலைத்தது.

இது போக கட்டில் ஒன்று இருந்தது. கேம்ப்பில் இரும்பு அடுக்குக் கட்டில், ஆறடி நீளம். இரண்டு முனையிலும் கம்பி. அவன் முழங்காலை மடக்கிப் படுப்பான், இல்லாவிட்டால் காலைக் கம்பிக்கு வெளியே விடுவான். பஸ்ஸில் சைட்டுக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அந்த நேரமெல்லாம் முழங்கால் முன் சீட்டின் தகரத்தில் முட்டிக்கொண்டிருக்கும். ஆறு நாள் இப்படி மடங்கிக் கிடந்தவனை ஏழாம் நாள் அவிழ்த்துவிட்டுக் குதிக்கச் சொன்னோம். குதித்தான் என்பதுதான் ஆச்சரியம்.

மூன்றாவது வருடப் போட்டி தொடங்குவதற்கு முன்னால் தம்பியின் கம்பெனியிலிருந்து ஒரு யோசனை வந்தது. உங்கள் சென்டரை எங்களுக்குக் கொடுங்கள், எங்கள் பிலிப்பினோ கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு என்றால் பந்தை உருட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துபவன். அவர்களுடைய கார்டு சர்வே டிபார்ட்மென்டில் ஹெல்பர். குட்டையாக, மின்னல் மாதிரி ஓடுவான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் அட்மின் மேனேஜர் நாக்கால் உதட்டைத் தடவிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

உடனே மீட்டிங் கூட்டினார். ஆறு பேர். அட்மின் மேனேஜர், சேஃப்டி ஆபீசர், கேம்ப் பாஸ், டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ், கோச், குறிப்பெடுக்க நான். ஏசி அறை, எல்லோருக்கும் தேநீர், பிஸ்கட். நான் அந்தக் கம்பெனியில் இருந்த வருடங்களில் ஒரு தொழிலாளியின் முழங்காலைப் பற்றிப் பேச இத்தனை பேர் உட்கார்ந்தது அது ஒரு தடவைதான்.

"ஜென்டில்மென், சென்டிமென்ட் வேண்டாம்" என்று அட்மின் மேனேஜர் ஆரம்பித்தார். "அவன் நல்லா ஆடுவான். நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா எப்ப ஆடுவான்? பத்து ஆட்டத்துக்கு அஞ்சு ஆட்டம். மிச்ச அஞ்சுல நாம அவனுக்கு ஐஸ் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்."

சேஃப்டி ஆபீசர் தலையாட்டினார். "உடம்புவாகு அப்படி. சில பேருக்கு எலும்பு வீக்."

நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேம்ப் பாஸ் ஹைதராபாத்காரர். ஹிந்தியில் சொன்னார்: "பாய், உயரமான ஆளுக்கு எப்பவும் தொல்லைதான். சாப்பாடும் அதிகம்."

டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ், அவன் பஸ்ஸில் நடைபாதையில் கால் நீட்டுவதால் மற்றவர்கள் ஏறி இறங்கச் சிரமம் என்று ஒரு புகாரைப் பதிவு செய்யச் சொன்னார். பதிவு செய்தேன்.

இப்படியே ஒரு மணி நேரம் போனது. வயசு பேசப்பட்டது. அந்த கார்டின் வேகம் பேசப்பட்டது. நம் சென்டரை வைத்துக்கொண்டே இன்னொருவனையும் ஊரிலிருந்து விசா போட்டுக் கூட்டி வரலாமா என்று பேசப்பட்டது. கடைசியில் கோச் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் தூக்குவது போலவே தூக்கினார்.

"சார், கட்டிலைக் கொஞ்சம் நீளமாகப் பண்ணிக் கொடுத்தால்?"

அட்மின் மேனேஜர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கட்டிலா?" என்றார் அட்மின் மேனேஜர்.

"அவன் கால் மடக்கித் தூங்குகிறான் சார். முழங்காலுக்கு நல்லதில்லை. நம் வெல்டிங் ஷாப்பிலேயே அரை நாள் வேலை."

கேம்ப் பாஸ் பதறிப்போனார். "ஒருத்தனுக்குப் பண்ணினால் நானூறு பேரும் கேட்பார்கள்!"

"மற்றவர்கள் எல்லாம் ஐந்தரை அடி சார்" என்றார் கோச்.

"ஐந்தரை அடிக்காரனும் கேட்பான். உனக்கு இவர்களைத் தெரியாது."

அட்மின் மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார். "கட்டில் மெயின்டெனன்ஸ் டிபார்ட்மென்ட். இந்த மீட்டிங்ல அதுக்கு இடமில்லை. நாம பிளேயரைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."

இன்னொரு மணி நேரம் பேசிவிட்டுக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். அவனிடம் கேட்கலாமா என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது தோன்றாமல் போனதா, தோன்றியும் வாயை மூடிக்கொண்டேனா என்பதை இத்தனை வருடம் கழித்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மீட்டிங் முடிந்ததும் அட்மின் மேனேஜர் என்னை மட்டும் நிறுத்தினார்.

"அவன் ரெக்கார்டு அங்க போகும். நாற்பத்தொரு நாள் சிக் லீவு இருக்கு. அதைப் பார்த்தா அவங்க வாங்குவாங்களா?"

"சார், இருக்கிறது இருக்குதானே."

"சிக் லீவா இருக்கணும்னு என்ன கட்டாயம்? வெகேஷனா இருக்கட்டுமே."

வெகேஷன் என்றால் இரண்டு வருடம் முடித்தவனுக்கு ஊருக்குப் போக வருகிற விடுமுறை. கேம்ப்பில் எல்லோரும் அந்த ஒன்றை எண்ணித்தான் நாளைக் கழிப்பார்கள். நான் உட்கார்ந்து புதிதாக ஒரு தாள் தயாரித்தேன். கணுக்கால், விரல், இடுப்பு, முழங்கால் எல்லாம் சேர்ந்து ஒரே வெகேஷனாக மாறின. சிக் லீவு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். தாளைப் பார்த்தால் இரண்டு வருடத்தில் தும்மல்கூடப் போடாத ஒரு மனிதன் தெரிந்தான்.

விசா மாற்றம் எட்டு நாளில் முடிந்தது. இரண்டு கம்பெனிக்கும் கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பாளி, ஒரே குடும்பம், ஆகவே கையெழுத்துக்குப் பஞ்சமில்லை. அதே வருடம் ராமநாதபுரத்து பிளம்பர் ஒருவர், தன் கூடப்பிறந்தவன் வேலை செய்கிற அந்தத் தம்பி கம்பெனிக்கே மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். சட்டத்தில் இடமில்லை என்று அவருக்கு நான்தான் பதில் எழுதினேன். அவருக்குப் பந்து ஆட வராது.

விஷயத்தை அவனிடம் சொல்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. மெஸ்ஸில் தட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, சனிக்கிழமையிலிருந்து உனக்கு அந்த கேம்ப்."

"எந்த கேம்ப்ணே?"

சொன்னேன். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். "நான் எதும் தப்பு பண்ணிட்டேனாண்ணே?"

"தப்பெல்லாம் இல்லை. டீம் விஷயம். அவங்க உன்னை விரும்பிக் கேட்டிருக்காங்க."

சோற்றை மறுபடியும் பிசைந்தான். பிறகு, "அங்க மெஸ்ஸுல நம்ம சோறு போடுவாய்ங்களாண்ணே, இல்ல சப்பாத்தியா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது. சோறுதான் என்று சொன்னேன்.

எங்களுக்கு வந்த கார்டு முதல் ஆட்டத்தில் பிரமாதப்படுத்தினான். நாலு பேர் நடுவே நுழைந்து வெளியே வருவான், அவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அட்மின் மேனேஜர் நாற்காலியில் உட்காரவே இல்லை. இரண்டாவது ஆட்டத்தன்று மணல் காற்று அடித்தது. பாதி ஆட்டத்தில் அவன் இடுப்பில் கை வைத்து நின்றான். பிறகு கோட்டுக்கு வெளியே போய்க் குந்தி உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினான். மூச்சு விசிலடித்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. பாலைவனத்தில் காற்றில்லாத வெள்ளிக்கிழமை எத்தனை வரும்?

அட்மின் மேனேஜர் என் மேசைக்கு வந்து அந்த கார்டின் தாளைப் போட்டார். அதில் சிக் லீவு என்ற இடத்தில் 'இல்லை' என்றிருந்தது.

"பாத்தீங்களா? ஏமாத்திட்டாங்க. ஆஸ்துமாவை மறைச்சு அனுப்பியிருக்காங்க. இப்படியும் மனுஷங்க இருப்பாங்களா?" அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பே இல்லை. நானும் தலையை ஆட்டி வருத்தப்பட்டேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து சென்டர் எனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, எனக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிருக்காங்க."

"ரொம்ப சந்தோசம் தம்பி. வெகேஷன் போட்டாச்சா?"

"அதாண்ணே புரியல. போன வெயில் காலத்துலயே வர வேண்டிய வெகேஷன். கல்யாணத்துக்குன்னு தள்ளி வெச்சிருந்தேன். இங்க கேட்டா, நான் ஏற்கெனவே ஊருக்குப் போய்ட்டு வந்துட்டேன்கிறாய்ங்க. பேப்பர்ல இருக்காம். நான் எப்பண்ணே போனேன்?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"எங்க அம்மாட்ட கேட்டேண்ணே, நான் எதும் வந்தேனான்னு" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "பத்திரிகை அடிச்சுட்டாங்கண்ணே."

"நான் பாக்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று வேலை முடிந்ததும் இரண்டு தெரு நடந்து அந்தக் கேம்ப்புக்குப் போனேன். அவர்களுடைய டைம் கீப்பர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மேசை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்கோ, இருங்கோ. நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார்.

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாற்பத்தொரு நாள், தாள், 'இல்லை' எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, அந்தப் பிலிப்பினோப் பெடியனுக்குத் தொய்வு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "தொய்வா?"

அவர் நெஞ்சில் கை வைத்து மூச்சை இழுத்துக் காட்டினார். "ஓம். சின்ன வயசிலயிருந்து. போன வருசம் ஒரு மாசம் படுத்திருந்தவன். நான் அதை வெகேஷன் எண்டு எழுதினனான். எங்கட மேனேஜர் சொன்னவர், எழுதினன். அவன்ர பிள்ளைக்கு ஞானஸ்நானமாம், போகேலாமல் நிக்கிறான். போன கிழமை வந்து அழுதவன்."

பிறகு அவர் இஞ்சித் தேநீர் போட்டார்.

திருத்தக் கடிதம் ஒன்று போதும், 'எழுத்துப் பிழை' என்று. ஆனால் சென்டரின் தாளைத் திருத்த எங்கள் மேனேஜர் கையெழுத்து வேண்டும். கார்டின் தாளைத் திருத்த அவர்கள் மேனேஜர் கையெழுத்து வேண்டும். பொய் எழுதச் சொன்னவர்களிடம் போய், பொய் என்று எழுதித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? வழி கண்டுபிடித்தது யாழ்ப்பாணத்துக்காரர்தான். சுவரில் இருந்த போட்டி அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இறுதி ஆட்டம் தையிலதானே வருது?" என்றார்.

மறுநாள் காலை நான் அட்மின் மேனேஜர் முன்னால் நின்றேன். சென்டருக்குக் கல்யாணம் என்றேன். வெகேஷன் பிரச்சினையைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"அதுக்கு நாம என்ன பண்றது? இப்ப தோண்டினா நம்ம பேருதான் கெடும். கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க."

"சரி சார். நான் சும்மா சொன்னேன். அவன் தையில போனான்னா ஃபைனலுக்கு அவங்களுக்குச் சென்டர் இருக்க மாட்டான்."

அவர் பேனாவை எடுத்தார். அவசரமில்லாமல் மூடியைக் கழற்றினார்.

"பாவம், வாழ்க்கையில ஒரு தடவை வர்ற கல்யாணம்" என்றார். "நாமளும் மனுஷங்கதானே. கொண்டாங்க."

இரண்டு தெரு தள்ளி அதே நேரத்தில் அதே காட்சி நடந்தது என்று யாழ்ப்பாணத்துக்காரர் பிறகு சொன்னார். அங்கே ஞானஸ்நானம். அவர்கள் மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டு, குழந்தைகள் கடவுளின் கொடை என்று ஆங்கிலத்தில் சொன்னாராம்.

சென்டரின் வெகேஷன் படிவத்தை அவரும் கார்டின் படிவத்தை நானும், அவரவர் மேனேஜரின் கையெழுத்துக்கு, மற்ற ஐம்பது தாள்களோடு கட்டி அனுப்பினோம். அந்தக் கட்டைப் பிரித்துப் படித்த மேனேஜர் இரண்டு கேம்ப்பிலும் கிடையாது. தை பிறந்து மூன்றாம் நாள் சென்டர் மதுரைக்கு ஏறினான். அதே வாரம் கார்டு மணிலாவுக்கு ஏறினான்.

எதிரி அணியின் நட்சத்திரம் இல்லை என்பது இரண்டு மேனேஜருக்கும் தெரியும். தன்னுடைய நட்சத்திரமும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் தெரிந்தது. எங்களவர் ஆபீசில் ஒரு ஸ்டேப்ளர் பறந்தது. என் மேல் படவில்லை. கேட்டபோது, "படிவத்தில் உங்கள் கையெழுத்து இருக்கு சார்" என்று காட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

அந்த இறுதி ஆட்டத்தைப் போல ஒரு மோசமான ஆட்டத்தை அந்த மைதானம் பார்த்திருக்காது. வளையத்துக்கு அடியில் நிற்க ஆளில்லை. பந்து பலகையில் பட்டுத் தரையில் விழும், இரண்டு பேர் அதைத் துரத்துவார்கள், கோட்டைத் தாண்டிப் போகும். எங்கள் பக்கம் ஒரு வெல்டரைச் சென்டராக நிறுத்தியிருந்தார்கள். அவர் பந்தைக் கண்டால் குனிந்துகொள்வார். பாதி ஆட்டத்தில் கூட்டம் கலைந்து டீ குடிக்கப் போய்விட்டது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் முதலாளி மெதுவாக எழுந்து தம்பி பக்கம் போய் உட்கார்ந்தார். ஆட்டம் முடியும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், ஏதோ ஒட்டகத்தைப் பற்றி என்று டிரைவர் சொன்னான். நாங்கள் மூன்று புள்ளியில் தோற்றோம். யார் ஜெயித்தது என்று அவர்கள் இருவரும் டிரைவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அட்மின் மேனேஜர் ஓர் அறிக்கை எழுதினார், நான்தான் டைப் அடித்தேன். அடிக்கடி காயம்படும் சென்டரை உரிய நேரத்தில் கைமாற்றியது தொலைநோக்குள்ள முடிவு என்றும், முக்கியமான ஆட்டத்தில் அவன் இல்லாமல் போனதே அதற்குச் சான்று என்றும் அதில் இருந்தது. அந்தக் கம்பெனியிலும் கார்டைப் பற்றி இதே போல ஒன்று டைப் அடிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்காரரும் நானும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். அவர்கள் ஆங்கிலம் கொஞ்சம் மேலாக இருந்தது.

மாசி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சென்டர் எங்கள் கேம்ப்புக்கு வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். ஒரு டப்பா நிறைய அதிரசமும், கல்யாண ஆல்பமும் கொண்டு வந்திருந்தான். எல்லாப் படத்திலும் பெண் அண்ணாந்தும் அவன் குனிந்தும் இருந்தார்கள். ஒரு படத்தில் இருவருமே உட்கார்ந்திருந்தார்கள், அதில்தான் முகம் தெரிந்தது. அடுத்த குளிர்காலத்தில் ஆடுவதா வேண்டாமா என்று அவன் அந்த கேம்ப்பில் இன்னும் சொல்லவில்லையாம். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குப் போன் பேச வேண்டியிருக்கிறது என்றான்.

நான் அதற்கு மேல் பொறுக்கவில்லை. நாற்பத்தொரு நாளை மாற்றி எழுதியது நான்தான் என்று சொன்னேன். கணுக்காலையும் விரலையும் பற்றிச் சொன்னேன். மீட்டிங்கைப் பற்றிச் சொன்னேன். அவன் ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"மீட்டிங்குன்னா எத்தன பேருண்ணே?"

"என்னோட சேத்து ஆறு பேர்."

"அட்மின் சாரும் இருந்தாரா?"

"அவர்தான் கூட்டினார்."

"எவ்வளவு நேரம்ணே?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எனக்காகவா?" என்றான். "ஏசி ரூம்லயா?"

தலையாட்டினேன். அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். ஊரில் இப்போது மணி என்ன என்று என்னிடம் கேட்டுவிட்டு, எண்ணை அழுத்திக் காதில் வைத்தான். அடுத்த முனையில் எடுத்ததும், "இங்க ஒரு விசயம் கேளு" என்று மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தான்.